சபதமில்லாமல் பேசுகிறவர்

மாங்காய் ஊறுகாயை டப்பாவில் அள்ளிக்கொண்டே, "வெள்ளிக்கிழமை புதுசு வரும், சபதமில்ல" என்கிறார் ரஹமீம். எருசலேம் சந்தையில் இந்தச் சொல்லையும் சேர்த்து வாங்காமல் அவரிடம் ஊறுகாய் வாங்க முடியாது. பல் வைத்தியரிடம் போவதும் சபதமில்லாமல்தான். மனைவியிடம் குப்பையைக் கொட்டிவிட்டு வருகிறேன் என்பதும் சபதமில்லாமல்தான். வாயிலிருந்து விழுந்த வாக்கு ஆளைக் கட்டிப்போட்டுவிடும் என்று அவருக்கு அவ்வளவு பயம்.

சந்தைக்குப் பின்னால் பாக்தாத்திலிருந்து வந்த யூதர்களின் சின்ன ஜெப ஆலயம். காலை ஜெபம் முடிந்ததும் ஏழெட்டுப் பேர் தேநீரோடு உட்கார்ந்து சபதங்களின் சட்டத்தைப் படிப்பார்கள். வாய்விட்டு மாட்டிக்கொண்டவர்கள் அங்கே வந்து நிற்பார்கள். மூன்று பேர் நீதிபதிகளாக உட்கார்ந்து, "இப்படி ஆகும்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கு சபதம் பண்ணியிருப்பியா?" என்று கேட்டு, மாட்டேன் என்று அவர் சொன்னால் சபதத்தை அவிழ்த்துவிட வேண்டும். ஆளுக்கேற்ற கேள்வியைக் கண்டுபிடிப்பதில் ரஹமீம் கில்லாடி. காப்பியை விட்டவர், மச்சினன் வாசலை மிதிக்க மாட்டேன் என்றவர், எல்லோரும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

ஒரே ஒரு பக்கத்தை மட்டும் அவர் அவசரமாகப் புரட்டுவார். உனக்கு நன்மை செய்தவருக்குக் கொடுத்த சபதத்தை அவர் முன்னிலையில்தான் அவிழ்க்க வேண்டும், அவர் முகத்தைப் பார்த்து நீ வெட்கப்பட வேண்டும் என்று சொல்லும் பக்கம். இந்த வருஷம் தையற்காரர் ஹெஸ்கேல் பிடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, வருஷா வருஷம் இந்த எடத்துல மட்டும் உனக்குக் கண்ணு தெரியாமப் போகுது?"

ரஹமீமின் காது மடல் சிவந்துபோயிற்று.

"அண்ணனுக்கு ஒரு சபதம் பண்ணியிருந்தேன், ஹெஸ்கேல். உங்களை எந்த முதியோர் இல்லத்துலயும் விடமாட்டேன்னு."

அப்பா போன பிறகு கல்யாணமே வேண்டாமென்று தம்பியை வளர்த்தவர் சல்மான். அவர் முதியோர் இல்லத்தில் இருப்பது எல்லோருக்கும் தெரியும், சபதம்தான் தெரியாது.

"படுக்கைய நனைக்கிறார்னு நான்தான் கொண்டுபோய் விட்டேன். நாலு வருஷமாச்சு. ஊர்ல எல்லாருக்கும் அவிழ்த்துவிட்டுக்கிட்டுத் திரியிறேன். வெட்கமாயிருக்கு."

"அவர் இருக்கிற எடத்துக்கே போவோம்" என்றார் ஹெஸ்கேல்.

யூதப் புத்தாண்டுக்கு முந்தின நாள் காலை, இல்லத்துத் தோட்டத்தில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளில் நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். அவிழ்க்கக் கேட்பவர் நிற்க வேண்டும். எத்தனையோ பேரை அப்படி நிற்க வைத்த ரஹமீம், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். எதிரே சக்கர நாற்காலியில் சல்மான்.

"அண்ணே, இவங்க முன்னால உங்ககிட்ட ஒண்ணு..."

சல்மான் மூன்று நாற்காலிகளையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். அவரும் பாக்தாத்காரர்தானே, விஷயம் விளங்கிவிட்டது. காதிலிருந்த கேட்கும் கருவியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"சொல்லிக்கடா தம்பி. நான் இங்கதான இருக்கேன்."

"ஆள் முன்னிலையில இருக்கார், அது போதும்" என்று ஹெஸ்கேல் தாழ்ந்த குரலில் சொன்னார். "சொல்லி முடிச்சுடு."

ரஹமீம் குனிந்து அண்ணனின் பையிலிருந்து கருவியை எடுத்தார். ஊறுகாய் மஞ்சள் ஏறிய விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அதை அவர் காதில் பொருத்தினார். பிறகு நிமிர்ந்து நின்று, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.