அத்தை கொண்டுவந்த முட்டை

கோழிப் பேச்சை எடுத்தாலே என் வீட்டில் எல்லாரும் ஒருமுறை என் முகத்தைப் பார்த்துக்கொள்வார்கள். நான் கத்திவிடுவேன் என்று பயம். கத்தத்தான் செய்தேன், இல்லையென்று சொல்லவில்லை. பெற்ற பிள்ளை சாகக் கிடந்தால் யார்தான் கத்தமாட்டார்கள்?

போன வருஷம் கோடை லீவில் என் மகள் பெரியவளானாள். சொல்லி அனுப்பிய மறுநாளே முதல் பஸ்ஸில் கங்கைகொண்டானிலிருந்து எங்கள் பேட்டைக்கு வந்து இறங்கிவிட்டாள் என் வீட்டுக்காரரின் அக்கா. எனக்கு மைனி, மகளுக்கு அத்தை. கையில் ஒரு தூக்குச்சட்டி. உள்ளே தவிட்டைக் கொட்டி, அதற்குள் முட்டைகளைப் புதைத்துக் கொண்டுவந்திருந்தாள். மைனிக்கு இருப்பது இரண்டும் பையன்கள். அதனால் என் மகள் எப்போது பெரியவளாவாள் என்று என்னைவிட அவள்தான் காத்துக்கொண்டிருந்தாள். இதற்காகவே கோழி வளர்க்கவும் ஆரம்பித்திருந்தாள்.

"கடை முட்டையெல்லாம் என் மருமவளுக்கு ஆவாது. இது நம்ம வீட்டுக் கோழி, கேட்டியா?" என்றாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

எங்கள் பக்கம் பெண் பிள்ளை பெரியவளானால் காலையில் வெறும் வயிற்றில் பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றுவோம். காலியான அந்த ஓட்டிலேயே நல்லெண்ணெய் ஊற்றி அதையும் குடிக்க வைப்போம். அப்புறம் கருப்பட்டி போட்ட உளுந்தங்களி. இடுப்புக்குப் பலம் என்று சொல்வது. என் மகளோ முட்டையைக் கண்டாலே குமட்டிக்கொண்டு கக்கூஸுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வாள். வெளியே இழுத்து வந்து நான் மூக்கைப் பிடிப்பேன், மைனி ஊற்றுவாள். "ஒரே முழுங்குதான், கண்ண மூடிக்கோ, என் தங்கமுல்லா" என்று அவள் கெஞ்சுவது தெருவுக்கே கேட்கும். எனக்குச் சிரிப்பாக இருக்கும்.

அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளைக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. சூடு பிடித்திருக்கும் என்று வெந்தயமும் மோரும் கொடுத்தோம். காய்ச்சல் வந்தது. பக்கத்து டாக்டர் எழுதிய மாத்திரை கேட்கவில்லை. ரத்தமாகப் போனதும் ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கே ஊசி போட்டார்கள், பிறகு அதை மாற்றி வேறொன்று போட்டார்கள். காலையில் இறங்குகிற காய்ச்சல் பொழுது சாய்ந்தால் ஏறிவிடும். உதடெல்லாம் வெடித்து, கண் குழிவிழுந்து, பிள்ளை என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டு, "எம்மா, நான் செத்துருவேனா?" என்று கேட்டாள்.

அன்று வார்டு டாக்டரம்மா என்னையும் மைனியையும் தனியாக உட்காரவைத்துப் பேசினார். "ரத்தத்துல இருந்த கிருமிய வளர்த்துப் பார்த்துட்டோம்மா. வழக்கமா இந்த நோய்க்குக் கேட்கிற எந்த மருந்தும் இந்தக் கிருமிக்குக் கேட்கல. ஒரே ஒரு மருந்துக்குத்தான் கட்டுப்படும்போலத் தெரியுது. போட்டுப் பார்ப்போம்."

பார்ப்போம் என்கிறார் டாக்டர்! பிள்ளை என்ன சாப்பிட்டாள் என்று அவர் கேட்டார். பச்சை முட்டையைச் சொன்னேன். வீட்டில் மற்றவர்கள் அதே முட்டையைப் பொரித்துத்தான் தின்றோம், எங்களுக்கு ஒன்றும் இல்லை என்பதையும் சொன்னேன். அந்தக் கோழிகளுக்கு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா என்று அடுத்துக் கேட்டார்.

"குடுத்தேம்மா" என்றாள் மைனி, சட்டென்று. "அக்கம்பக்கத்துல கோழியெல்லாம் கழிச்சல் வந்து சாவுது. என் கோழியும் செத்துட்டா பிள்ளைக்கு முட்டைக்கு நான் எங்கன போவேன்? பிராய்லர் கொட்டகை வச்சிருக்கவன் ஒரு பொடி தந்தான். சீக்கு வருததுக்கு முன்னாலயே தெனமும் தண்ணியில கலக்கி வச்சேன். ஒருநாள்கூட விடல." நல்லபடியாகத்தான் பார்த்துக்கொண்டேன் என்று டாக்டருக்கு உறுதி சொல்கிற குரல் அது.

டாக்டரம்மா நிதானமாக எடுத்துச் சொன்னார். கோழிக்கு வருகிற அந்தக் கழிச்சலுக்கு இந்தப் பொடி கேட்கவே கேட்காது, அதற்குத் தடுப்பூசிதான் போடவேண்டும். தினமும் மருந்து உள்ளே போனால் கோழி வயிற்றில் இருக்கிற கிருமியில் நோஞ்சான் எல்லாம் செத்து, தாக்குப்பிடிப்பது மட்டும் பெருகும். அதுதான் முட்டை வழியாகப் பிள்ளைக்கு வந்திருக்கவேண்டும். கோழிக்குப் போன மருந்தும் பிள்ளைக்கு இதுவரை போட்டுக் கேட்காமல் போன மருந்தும் கிட்டத்தட்ட ஒரே இனம்.

"விருந்தும் மருந்தும் மூணு நாளுன்னு சொல்லுவாங்களே மைனி, நீங்க கோழிக்கு வருஷம் பூரா மருந்தையே விருந்தா வச்சிருக்கீங்களே!" என்று எழுந்துவிட்டேன். "இனிமே உங்க கையால என் பிள்ளைக்குப் பச்சத்தண்ணிகூடக் குடுக்கக்கூடாது!" வார்டே திரும்பிப் பார்த்தது.

டாக்டரம்மா என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார். "இவங்கள மட்டும் ஏசாதீங்கம்மா. பெரிய பெரிய பண்ணையிலயே இப்படித்தான் குடுக்கிறாங்க. நாமளும் லேசா தும்முனா கடையில போயி மாத்திரை வாங்கி, பாதியப் போட்டுட்டு மீதிய அலமாரியில வைக்கோம். எல்லாம் சேர்ந்துதான் இங்க வந்து நிக்குது." அவர் சொன்னது எதுவும் அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

மைனி ஊருக்குப் போகவில்லை. கட்டில் பக்கமும் வரவில்லை. வராந்தாவிலேயே கிடந்தாள். பிள்ளை அசிங்கப்படுத்திய துணிகளை நான் வாசலில் போட்டதும் வந்து எடுத்துக்கொண்டு போவாள், அலசிக் காயப்போடுவாள்.

அந்தக் கடைசி மருந்து கேட்டது. ஒரு சாயங்காலம் காய்ச்சல் ஏறவில்லை. மறுநாளும் ஏறவில்லை. பிள்ளை ரசஞ்சோறு கேட்டாள். நான் வராந்தாவுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். மைனி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

நாங்கள் வீட்டுக்கு வந்து சில வாரம் கழித்து, ஒரு காலை, மைனி அதே தூக்குச்சட்டியோடு வாசலில் நின்றாள். பொடியை நிறுத்திவிட்டாளாம், மாட்டாஸ்பத்திரியில் சொல்லிக் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டாளாம். உள்ளே தவிடு இல்லை, அவித்த முட்டை ஒன்று இருந்தது. தோலை உரித்து, இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைத் தானே தின்றாள். மறுபாதியைத் தட்டில் வைத்து மூடிவிட்டுத் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"என்ன மைனி இது?"

"கொஞ்ச நேரம் ஆவட்டும்ட்டி. எனக்கு ஒண்ணும் செய்யலன்னா அப்புறம் பிள்ளைக்குக் குடு."

"நல்லா அவிச்சா ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டரம்மாதான் சொன்னாங்கள்லா."

"சொன்னாங்க. இருந்தாலும் இருக்கட்டும்" என்று வயிற்றில் கையை வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. தட்டைத் திறந்து அந்த மறுபாதியை எடுத்து என் வாயில் போட்டுக்கொண்டேன். எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாளோ, கரு பச்சை பூத்து, மாவாக நெஞ்சை அடைத்தது.

மைனி பதறிப்போய் எழுந்தாள். "ஏட்டி, பிள்ளைக்குல்லா கொண்டாந்தேன்!"

"அவளுக்கு நாளைக்குக் கொண்டாங்க" என்றேன். "முழுசாக் கொண்டாங்க மைனி. உங்க கையாலயே ஊட்டிவிடுங்க."