அம்மா ஓவனுக்குள் போன டிசம்பர்

சூடான பன்னைப் பிய்த்து டீயில் நனைத்து வாயில் போட்டதும் பல்லுக்கு நடுவே 'நறநற'வென்று மணல் கடிபட்டது. கடற்கரையை ஒட்டிய தெருவில் பிறந்து வளர்ந்தவளுக்கு மணல் புதிதல்ல. சோற்றில், பாயில், பள்ளிக்கூடப் பையில் என்று எங்கேயும் அது கிடக்கும். ஆனால் எங்கள் அப்பாவின் பேக்கரியில், அவருடைய அடுப்பில் வெந்த பன்னுக்குள் மணலா? வீட்டில் எல்லாருக்கும் கடிபட்டிருக்க வேண்டும், ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான்தான் "தூ" என்று துப்பிவிட்டு, "அப்பா, மண்ணு!" என்று கத்தினேன். உண்மையைச் சொன்னவளுக்கு முதுகில் ஒன்று விழுந்தது.

எழுபதுகளின் நடுவில், மயிலாப்பூர் முடிந்து சாந்தோம் தொடங்கும் இடத்தில், முன்னால் கடையும் நடுவில் அடுப்புக் கொட்டகையும் பின்னால் நாங்கள் குடியிருந்த இரண்டு அறைகளுமாக இருந்தது எங்கள் பேக்கரி. தூத்துக்குடியிலிருந்து வந்து தொழில் தொடங்கிய அப்பாவுக்கு எங்கள் எல்லாரையும்விட அந்த அடுப்பின் மேல்தான் பாசம் அதிகம். ஊரார் அதை 'ஓவன்' என்பார்கள். அவருக்கு அது 'அடுப்பு'. செங்கல்லால் குகை போலக் கட்டி, வளைவாகக் கூரை எழுப்பி, சூடு வெளியே போகாமலிருக்க அந்தக் கூரையின் மேல் முழங்கால் உயரத்துக்கு மணலைக் கொட்டி வைத்திருந்தார்கள். உள்ளேயே சவுக்குக் கட்டையை எரித்து, தணலை ஓரமாக ஒதுக்கி, தரையை ஈரச் சாக்கால் துடைத்துவிட்டு, நீண்ட மரத் துடுப்பின் நுனியில் ரொட்டியை வைத்து எங்கள் ரொட்டி மாஸ்டர் உள்ளே தள்ளுவார். உள்ளே ஒரு குடும்பமே படுத்துத் தூங்கலாம், அவ்வளவு விசாலம். வாய் மட்டும் ஜன்னலைவிடச் சின்னது. முதல் தீ மூட்டிய நாளிலிருந்து அந்த அடுப்பு ஒருநாளும் முழுதாக ஆறியதில்லை. பெரிய வெள்ளிக்கிழமை அன்றுகூட உள்ளே தணல் கிடக்கும். "அடுப்பு ஆறிச்சுன்னா குடும்பமே ஆறிப்போவும்" என்பார் அப்பா, ஏதோ வேதவாக்கு மாதிரி.

டார்ச் அடித்துப் பார்த்ததில் விஷயம் தெரிந்தது. கூரை வளைவின் ஒரு பக்கம் விரல் நுழைகிற அகலத்துக்கு விரிசல் விட்டு, மேலே கொட்டியிருந்த மணல் அதன் வழியாக ரொட்டி மேல் தூறிக்கொண்டிருந்தது. சூடும் அந்த வழியாகத்தான் போயிருக்கிறது. விரிசலுக்குக் கீழே வைத்த ரொட்டி வெளுத்துக் கிடக்க, எதிர்ப்பக்கம் வைத்தது கருகியது. டிசம்பர் பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

அதுதான் சிக்கல். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யார் வீட்டிலும் ஓவன் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் வீட்டுக்கு வீடு கேக் மாவைக் கலந்து, அலுமினியத் தட்டிலும் பழைய பிஸ்கட் டின் மூடியிலும் ஊற்றி, மேலே துணி மூடி, எங்களிடம்தான் வேக வைக்கத் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாதக்கணக்கில் காப்பியில் குறைத்து மிச்சம் பிடித்த ரேஷன் சர்க்கரை, ஒவ்வொன்றாகச் சேர்த்த முட்டை, எதிலோ ஊறிய கறுப்புத் திராட்சை என்று ஒரு வீட்டின் அந்த வருஷத்து ஆசை முழுவதும் அந்தத் தட்டில் இருக்கும். (மதுவிலக்குக் காலம், திராட்சை எதில் ஊறியது என்று நாங்கள் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை.) எது யாருடையது என்று தெரிவதற்கு மாவின் மேல் முந்திரிப்பருப்பை அழுத்தி அடையாளம் வைப்பார்கள். சகாயம் டீச்சர் வீட்டுக்குச் சிலுவை, போஸ்ட்மேன் வீட்டுக்கு வட்டம். வெந்து வந்ததும் "எங்க முந்திரில ஒண்ணு கொறையுதே" என்று சண்டை பிடிக்காமல் போகிற வீடு அபூர்வம்.

அப்பா அடுப்பை அணைக்க மாட்டேன் என்றார். பாரிமுனைப் பக்கம் போய் 'ஃபயர் கிளே' என்று ஒரு மூட்டை வாங்கி வந்தார். தீயைத் தாங்குகிற களிமண், உலைக்கூடங்களுக்கு வாங்குவார்களாம். அதைத் தண்ணீரில் குழைத்து, நீண்ட கழி நுனியில் துணி சுற்றி, உள்ளே தணல் இருக்கும்போதே வாய்க்கு வெளியே நின்றபடி விரிசலில் ஒத்தி ஒத்தி அப்பினார். ஈரமண் சூட்டில் பட்டதும் 'சுர்'ரென்று ஆவி கிளம்பியது. "மண்ணு நல்லா பிடிச்சிட்டு, பாருல" என்று மாஸ்டரிடம் சொல்லி மீசையைத் தடவிக்கொண்டார். பிடித்த மண் பிடித்த வேகத்திலேயே காய்ந்து, அடுத்த வேளை பன் மேல் செதில் செதிலாக உதிர்ந்தது. காலையில் கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு டீயும் பன்னும் சாப்பிடுகிற மீன்காரக் கன்னியம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி ஆரம்பித்தாள். "இன்னா நைனா, பன்னுக்குள்ள செங்கல்ல வெச்சு சுட்டுக்கினு கீறியா? இருக்கறதே நாலு பல்லு, அதையும் பேத்துடுவ போலகீதே!"

கடை முழுக்கச் சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. அம்மாவும் சிரிக்கவில்லை.

அம்மா ரோசி இந்தக் கடற்கரையிலேயே பிறந்தவள். அப்பாவின் மார்பளவுகூட இருக்க மாட்டாள்; குரல் மட்டும் அலைச் சத்தத்தைத் தாண்டிக் கேட்கும். அன்று மத்தியானம் அப்பாவுக்குச் சோற்றைப் போட்டுவிட்டுச் சொன்னாள்: "நம்ம ரொட்டி தீஞ்சா நமக்குத்தான் நஷ்டம். அவங்க கேக்கு தீஞ்சா அவங்களுக்குப் பண்டிகையே போச்சு. ஒண்ணு அடுப்ப அணைச்சு ஒழுங்கா பூசுங்க, இல்லாட்டி இந்த வருசம் யாரு மாவும் வாணாம்னு சொல்லிடுங்க."

அப்பா கையை உதறிக்கொண்டு எழுந்து போனார். மறுநாள் காலை அவரே தணலை வெளியே இழுத்துப் போட்டுத் தண்ணீர் தெளித்தார். அவர் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வருஷக்கணக்காகச் சூட்டைக் குடித்த செங்கல், அணைத்த உடனே ஆறிவிடுமா? தினமும் கையை உள்ளே விட்டுப் பார்ப்பதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வதுமாகப் பல நாள் போயின. வாடிக்கைக்காரர்கள் வேறு கடைக்கு நடையைக் கட்டினார்கள். ஒருவழியாக ஆறியதும் கொத்தனார் வந்தார். தலையை விட்டார், ஒரு தோளை விட்டார், அவ்வளவுதான். முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. "அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை நுழையாதும்பாங்க, நீ ஆளே நுழையப் பாக்கறியே" என்று மாஸ்டர் ஒரு காலைப் பிடிக்க, அப்பா மறு காலைப் பிடிக்க, இழுத்து வெளியே போட்டார்கள். சட்டைப் பொத்தான் ஒன்று உள்ளேயே தங்கிவிட்டது. கொத்தனார் மூச்சு வாங்கிக்கொண்டே, "உள்ள ரெண்டு மூணு கல்லு ஆடுது நைனா. வாயை இடிச்சு ஆள் எறங்கித்தான் பூசணும். பொங்கல் ஆயிடும்" என்றார்.

பொங்கலுக்கு யார் கிறிஸ்துமஸ் கேக் சுடுவார்கள்? அப்பா அப்படியே மாவு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார்.

அம்மா பின்பக்கம் போனாள். திரும்பி வந்தபோது அப்பாவின் பழைய கால்சட்டையைப் போட்டு, இடுப்பில் மாவு மூட்டைக் கயிற்றால் இறுக்கி, தலையில் துண்டைக் கட்டியிருந்தாள். அம்மாவைப் புடவை இல்லாமல் நாங்கள் பார்த்ததே இல்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"ஏட்டி, உனக்குப் பைத்தியமா புடிச்சிருக்கு? பொம்பள அடுப்புக்குள்ள போறதாவது! கல்லு ஆடுதுன்னு அவன் சொன்னது காதுல விழல?"

"காலம் பூரா அடுப்பு முன்னாடியே நிக்க வெச்சீங்க. உள்ள போனா மட்டும் இன்னாவாம்?" என்றாள் அம்மா. "வீட்ல மண்ணடுப்ப வாராவாரம் மெழுகறவ நானு. இந்தக் கை போதும்."

சொல்லிக்கொண்டே தலையைக் குனிந்து உள்ளே போய்விட்டாள். கடைசியாகக் கரி படிந்த இரண்டு பாதங்கள் மட்டும் வாயில் தெரிந்தன. கொத்தனார் வெளியே உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் உள்ளே செய்தாள். ஆடுகிற கல்லுக்கு மரக்கட்டையால் முட்டுக் கொடுத்தாள். விரிசலை உளியால் சுரண்டி, தூசியைப் பழைய பிரஷ்ஷால் தட்டி, தண்ணீர் தெளித்தாள். உடைந்த சூளைக்கல்லை இடித்துச் சலித்த பொடியோடு ஃபயர் கிளேயைக் கலந்து, பூரி மாவைவிடக் கொஞ்சம் தளர்வாக மாஸ்டர் பிசைந்து, உருண்டை உருண்டையாகத் துடுப்பில் வைத்து உள்ளே அனுப்பினார். அப்பா தரையில் மண்டியிட்டு அம்மாவின் கணுக்கால் ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். விடவே இல்லை. எங்கள் வீட்டில் அப்பா அம்மாவைத் தொட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

'தொப்'பென்று உள்ளே ஏதோ விழுந்தது. வாய் வழியாகப் புழுதி கிளம்பியது. அம்மாவின் பேச்சு நின்றுவிட்டது.

"ரோசி!" என்று அப்பா போட்ட சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது. "ஏட்டி ரோசி! வெளிய வா, அடுப்பும் வேண்டாம் ஒரு எழவும் வேண்டாம், நீ வெளிய வா!"

ஓர் இருமல் கேட்டது. இன்னொன்று. பிறகு, "கத்தாதீங்க, காது கிழியுது. கல்லுதான் வுழுந்துச்சு, நான் வுழல. இன்னும் ரெண்டு உருண்ட அனுப்புங்க" என்று குரல் வந்தது.

நான் ஓவென்று அழுதேன். மாஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார், அவர் இந்து. விழுந்த கல் இருந்த இடத்தையும் அடைத்துவிட்டு அவள் வெளியே வந்தபோது கண்ணும் பல்லும் தவிர எல்லாம் கறுப்பு. அப்பா செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். பாதித் தண்ணீர் அவள் மேலேயே கொட்டியது.

அத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. பூச்சு நிழலில் காய வேண்டும். பிறகு முதல் நாள் வைக்கோலும் காகிதமும் மட்டும், மறுநாள் சுள்ளி, அதற்கப்புறம்தான் கட்டை. அவசரப்பட்டால் மறுபடி வெடிக்கும் என்று கொத்தனார் எச்சரித்திருந்தார். அப்பா பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் தீப்பெட்டியை எடுப்பார். "பதறாத காரியம் சிதறாது" என்று சொல்லி அம்மா அதைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வாள். கடைசியில் அடுப்பு வாயின் முன்னால் மணை போட்டு உட்கார்ந்து, அங்கேயே அரிசியில் கல் பொறுக்கினாள். ஐயோ, அந்த நாள்களில் அப்பாவைப் பார்த்தால் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கிறவர் மாதிரி இருக்கும்.

ஆனால் விரிசல் சங்கதி அதற்குள் ஊர் முழுக்கப் பரவியிருந்தது. கிறிஸ்துமஸ் வாரம் வந்துவிட்டது. ஒரு தட்டுகூட வரவில்லை. யார் துணிவார்கள்? மாவைக் கலந்துவிட்டு எல்லா வீடும் யார் முதலில் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தன. அடுப்பு கணகணவென்று காய்ந்துகொண்டிருக்க, அப்பா வாசலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சகாயம் டீச்சர் தட்டும் கையுமாக வந்து நின்றார்.

"வேண்டாம் டீச்சர், முதல்ல வேற எதையாச்சும் வெச்சுப் பாத்துக்கிடுதேன்" என்றார் அப்பா.

"ரோசி உள்ள போய்ப் பூசினாளாமே. உசிரக் கொடுத்துப் பூசினதுக்கு மேல இன்னா பாக்கறது? வைங்க" என்றார் டீச்சர்.

அம்மாதான் தட்டை வாங்கி மாஸ்டரின் துடுப்பில் வைத்தாள். விரிசல் இருந்த இடத்துக்கு நேர் கீழேயே வைக்கச் சொன்னாள். மாஸ்டர் அடுப்பு வாயை இரும்பு மூடியால் மூடினார். முதலில் வெண்ணெய் வாசம் வந்தது, பிறகு ஏலக்காய், பிறகு சர்க்கரை சிவக்கிற வாசம். மாஸ்டர் மூடியைத் திறந்து தட்டை வெளியே இழுத்தார். முந்திரிச் சிலுவையைச் சுமந்த கேக் இரண்டு பக்கமும் ஒரே பொன்னிறத்தில், நடுவில் குழியாமல், உப்பி நின்றது. அம்மா ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். குச்சி சுத்தமாக இருந்தது. அப்பா சட்டென்று திரும்பிக்கொண்டு துண்டால் முகத்தைத் துடைத்தார், வியர்வையாம்.

சாயங்காலத்துக்குள் கொட்டகையில் கால் வைக்க இடமில்லை. அத்தனை தட்டும் வெந்து, அத்தனை வீட்டுக்கும் போய்ச் சேர்ந்து, முந்திரிச் சண்டைகள் எல்லாம் முறைப்படி நடந்து முடிந்தன.

கிறிஸ்துமஸ் காலை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது: எங்கள் வீட்டுக்கென்று கேக் மாவு கலக்க அம்மா மறந்தே போயிருந்தாள். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வதற்குள் தட்டுகள் வர ஆரம்பித்தன. டீச்சர் வீட்டிலிருந்து ஒரு துண்டு, போஸ்ட்மேன் வீட்டிலிருந்து ஒரு துண்டு, பெயர் தெரியாத வீடுகளிலிருந்தெல்லாம் துண்டுகள். அம்மா தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் எடுத்து, நடுவில் பிட்டு, விரலால் அழுத்திப் பார்த்து, "வெந்திருக்கு" என்று அடுத்ததை எடுத்தாள். அதையும் பிட்டு, "இதுவும் வெந்திருக்கு." ருசி பார்த்த மாதிரியே தெரியவில்லை. கடைசித் துண்டையும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, "அப்பாடா" என்றாள். அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தொட்டு வைத்த துண்டுகளை ஒன்றுவிடாமல் சாப்பிட்டார்.

அந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள்; அடுப்பு இருந்த இடத்தில் கார் நிற்கிறது. நான் வேளச்சேரியில் இருக்கிறேன். எங்கள் மாடியில் எல்லார் வீட்டிலும் மின்சார ஓவன் இருக்கிறது. மாவுத் தட்டைத் தூக்கிக்கொண்டு யாரும் யார் வாசலுக்கும் போவதில்லை. போன கிறிஸ்துமஸுக்கு என் கேக் நடுவில் வேகாமல் குழிந்து போனது. குப்பையில் போட்டுவிட்டு, கடையில் ஒன்று வாங்கி வந்து மேஜையில் வைத்தேன். ஒருவருக்கும் தெரியாது, ஒருவர் பண்டிகையும் கெடவில்லை. நல்லதுதான். ஆனால் அம்மா அன்று விட்டாளே, அப்படி ஒரு 'அப்பாடா' எனக்கு ஒருநாளும் வாய்க்கவில்லை. எப்படி வாய்க்கும்? என் ஓவனுக்குள் என் கேக் மட்டும்தானே இருக்கிறது.