பெட்ரோல் டின்னை விடாதவள்

நெய்வேலிக்குக் குடிவந்த இரண்டாவது மார்கழியில் மந்தாரக்குப்பத்தில் ஒரு பித்தளை பாய்லர் வாங்கினோம். எனக்குக் குழந்தை பிறந்திருந்த நேரம். துணைக்கு வந்திருந்த நாத்தனார் விறகடுப்பில் வெந்நீர் போட்டுப் போட்டுக் களைத்திருந்தாள். "தண்ணி ரொப்பாம மட்டும் நெருப்பு வெச்சிடாதீங்க" என்றார் கடைக்காரர். எங்களுக்குத் தெரிந்த விதி அது ஒன்றுதான்.

குவார்ட்டர்ஸ் குளியலறையில் பாய்லரை வைத்தால் ஆள் நிற்க இடமிருக்காது. என் கணவர் மோட்டார் சைக்கிளுக்கென்று வீட்டை ஒட்டிப் போட்டிருந்த தகர ஷெட்டின் உள்மூலையில் வைத்தோம். வண்டி வாசலோரம் நிற்கும். பெட்ரோல் டின் உள்ளே, சுவரோரம். ஷெட்டில் எப்போதும் பெட்ரோல் வாடைதான். பழகிவிட்டதால் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை.

அன்று என் கணவருக்குக் காலை ஷிப்ட், வீட்டுக்குள் கிளம்பிக்கொண்டிருந்தார். நாத்தனார் வழக்கம்போல வண்டியைச் சுற்றி உள்ளே போய் பாய்லரைப் பற்றவைத்தாள். இரவெல்லாம் வண்டியிலிருந்து பெட்ரோல் சொட்டித் தரையில் பரவியிருந்ததை அவள் கவனிக்கவில்லை.

குப்பென்று ஒரு சத்தம். குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு ஓடினேன். பாய்லர் காலடியிலிருந்து வண்டி வரை தரையே எரிந்துகொண்டிருந்தது. வெளியேற இருந்த ஒரே வழியில் நெருப்பு. அதற்கு அப்பால், வண்டிக் கருவிகள் வைக்கும் பெட்டிமேல் ஏறி, சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள் நாத்தனார். புடவையை முழங்காலுக்கு மேல் சுருட்டியிருந்தாள். நெஞ்சோடு அணைத்திருந்தது அந்தப் பெட்ரோல் டின்னை.

"அண்ணி, நெருப்பு இதாண்ட வருது! கீழ வெச்சா புடிச்சிக்கும்!"

நான் பக்கத்திலிருந்த வாளியைத் தூக்கினேன். பின்னாலேயே ஓடிவந்த கணவர் அதைத் தட்டிவிட்டார்.

"தண்ணி ஊத்தாத! நெருப்பு மிதந்துகினு அவகிட்டயே போவும். மண்ணு, மண்ண அள்ளு!"

தோட்டத்து மண்ணை அவர் மண்வெட்டியால் வாரி வீசினார். நான் முந்தானையில் அள்ளி அள்ளிக் கொட்டினேன். வண்டியின் டாங்கியை நாக்கு நாக்காகத் தீ தொட்டது. எந்த நொடியும் அது வெடிக்கும் என்று எனக்குத் தோன்றியது. உள்ளே தொட்டிலில் குழந்தை வீரிட்டு அழுதது. காதில் விழுந்தும் திரும்பிப் பார்க்கவில்லை.

"டின்னை வுட்றாதம்மா. மூடிய அழுத்திப் புடி. தோ வந்துட்டேன்."

"கையி நடுங்குதுண்ணே."

"நடுங்கட்டும். புடிச்சிக்கோ."

வண்டிக்கடியில் நெருப்பு அடங்கியதும், நனைத்த கோணிச்சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு அவர் வண்டியை வெளியே இழுத்துத் தள்ளினார். மண் போட்ட வழியாக உள்ளே பாய்ந்து தங்கையைத் தூக்கி வந்தார். வெளியே வந்த பிறகும் அவள் விரல்கள் டின்னை விடவில்லை. நான்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அப்போதுதான் அவளுடைய வலது பாதம் வெந்து தோல் உரிந்திருப்பதைப் பார்த்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டார்கள். விசாரிக்க வந்த தீயணைப்புக்காரர் ஷெட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "பெட்ரோல் ஆவி தரையோட தரையாத்தாங்க ஊர்ந்து வரும். வண்டி நிக்கிற எடத்துல அடுப்பே கூடாது" என்றார்.

அன்று மாலையே பாய்லரைப் பின்பக்கம் திறந்தவெளியில், செங்கல் மேடை கட்டி ஏற்றினார் கணவர். டின்னை வீட்டு எல்லைக்குள்ளேயே வைக்கவில்லை.

கால் ஆறியதும் நாத்தனார் என்னிடம் தீப்பெட்டியைக் கேட்டாள். "நான் வெக்கிறேன், நீ உக்காரு" என்றேன்.

"இல்ல அண்ணி. இன்னிக்கி வுட்டா அப்பறம் அடுப்புகிட்டயே போவமாட்டேன்."

மூன்று குச்சிகள் அணைந்தன. நான்காவது பற்றியது. அவள் கண்ணை மூடவில்லை, நான்தான் மூடிக்கொண்டேன்.