பதின்மூன்று வினாடி

2025 மார்ச் 4 – 31 நகர்த்தல் – 403 வினாடி
மார்ச் 7 – 44 நகர்த்தல் – 572 வினாடி
மார்ச் 11 – 27 நகர்த்தல் – 351 வினாடி
மார்ச் 12 – கணக்கு மூடப்பட்டது

இவை வள்ளித்தாய் கைப்பேசியில் ஆடிய மூன்று செஸ் ஆட்டங்கள். வயது ஐம்பத்திரண்டு, ஐந்தருவியில் பழக்கடை. கொரோனாவுக்காக அருவியை மூடியிருந்தபோது காவலுக்கு நின்ற போலீஸ்காரர் பாண்டிராஜ் அவளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்தார். குளிக்கவும் ஆளில்லை, பழம் வாங்கவும் ஆளில்லை. ஆறு மாதத்தில் அவரையே ஜெயிக்க ஆரம்பித்துவிட்டாள். எதிராளி யோசிக்கும்போதே தன் பதிலையும் முடிவு செய்துவிடுவாள்.

நான் பொதுப்பணித் துறையில் முப்பத்தொரு வருடம் மழை அளவு குறித்தவன். ஓய்வுக்குப் பிறகு, கூட்டமில்லாத நாட்களில் அவள் கடையில் உட்கார்ந்து ஆட்டங்களை நகர்த்தலும் வினாடியுமாக நோட்டில் குறித்துவந்தேன்.

ஆடியது அவளல்ல, கணினி நிரல் என்று சொல்லித்தான் செஸ் செயலிக்காரர்கள் அவள் கணக்கை மூடினார்கள். அவள் பெயருக்குப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கும்படி, ‘விதி மீறியவர்’ என்று போட்டிருந்தது. இலத்தூருக்கு மாறிப்போயிருந்த பாண்டிராஜ் மாலையிலேயே போன் செய்தார்.

“யக்கா, மிஷின வச்சா ஆடுத? நேத்து என்னையத் தோக்கடிச்சதும் அதானா?”

“ஒன்னத் தோக்கடிக்க மிஷினு வேற வேணுமாக்கும்.”

போனை வைத்தபின் துடைத்த தராசையே திரும்பத் துடைத்தாள். “அவன் சிரிக்கல, அண்ணாச்சி. எடையில ஒரு கிராம் கொறைச்சவ இல்ல நான். அவனே நம்பலயே.”

ஆடியது அவள்தான், கூடவே இருந்து பார்த்தவன் நான். என் நோட்டின் பக்கங்களைப் படமெடுத்து, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதி மின்னஞ்சலில் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் பதில் வந்தது. எளிய நகர்த்தலுக்கும் கடினமானதற்கும் அதே பதின்மூன்று வினாடி, மனிதர் அப்படி ஆடுவதில்லை, நீங்கள் அனுப்பிய நோட்டும் இதையே உறுதி செய்கிறது என்றார்கள்.

மூன்று முறை கூட்டி வகுத்துப் பார்த்தேன். கணக்கு சரியாகவே இருந்தது. நான் பார்த்ததும் பொய்யில்லை. ஒரு மாதம் அந்தப் பதின்மூன்றோடு மல்லுக்கட்டிவிட்டு அவளிடமே கேட்டேன்.

“தாயி, வேற வழியே இல்லாத எடத்துலயும் ஏன் பதிமூணு?”

“நல்லாக் கேட்டிய. எழுதி முடிக்கங்காட்டியும் தொடாதன்னு சொன்னது யாரு?”

நான்தான். அவள் நகர்த்தலைச் சொல்லுவாள். நான் எண் போட்டு எழுதி, அடிக்கோடிட்டு, “ஆச்சு” என்பேன். பிறகுதான் திரையைத் தொடுவாள். என் கை வேகமாகவும் எழுதாது, மெதுவாகவும் எழுதாது.

இதை ஒளிக்காமல் எழுதி, மறுநாள் காலை 8.30க்கு அனுப்பினேன். கணக்கைத் திறந்து அந்தக் குறியை நீக்குகிறோம், இனி ஆடும்போது அருகில் யாரும் இருக்கக் கூடாது என்று அன்றே பதில் வந்தது. கையெழுத்தும் இல்லை, பெயரும் இல்லை. அவள் அதை முதலில் பாண்டிராஜுக்கு அனுப்பினாள். பிறகு என்னைக் கேட்டாள்: “இத எழுதுனது ஆளா, மிஷினா?”

இப்போது நான்கு கடை தள்ளி உட்காருகிறேன். குறித்துவைக்க என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: அந்தப் பதில் வந்தது 2025 ஏப்ரல் 24, வியாழக்கிழமை, காலை 8.34.