நெட்டா கத்ரியும் நீலக்கல் கோடும்

டண்டீ நகரத்துச் சணல் ஆலை மூடப்பட்டபோது நெட்டா கத்ரிக்கு முப்பத்தெட்டு வயது. தறிச் சத்தத்தில் ஒரு காது பாதி போயிருந்தது. கணவன் டக் தச்சு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அவளுக்கு வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. கிரிமியூர் தபால் நிலையத்தில் போய்க் கேட்டாள். டோரன் பள்ளத்தாக்குக்குத் தபால் வண்டி ஓட்ட ஆள் கிடைக்காமல் அவர்கள் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வழியில் ரோட்டை மறித்து இருபத்தாறு கேட்டுகள். ஒவ்வொன்றிலும் இறங்கித் திறந்து, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி இறங்கிச் சாத்த வேண்டும். மறந்தால் ஆடு அத்தனையும் ரோட்டில் நிற்கும். ஐந்து வருஷத்தில் மூன்று பேர் விட்டுவிட்டு ஓடிய வேலை. நெட்டா ஒட்டிக்கொண்டாள்.

கேட்டைச் சாத்தும்போது கை பக்கத்துச் சுவரில் ஊன்றும். சாந்து பூசாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள் அவை. தினம் இருபத்தாறு சுவரில் கை வைக்கிறவளுக்குக் கல் பிடிபடாமல் போகுமா? முதல் சில கேட்டுகளில் வெறும் சாம்பல் நிறக் கல், காக்காப்பொன் மினுமினுப்போடு. ஒன்பதாவது கேட்டில் கடுகு கடுகாகச் சிவப்புப் புள்ளி தொடங்கும். பதினான்காவதில் அதுவே மிளகு அளவு, பிறகு பட்டாணி அளவு. பதினெட்டாவதில் சிவப்போடு பழுப்பு நிறக் குச்சிகள் சேர்ந்துகொள்ளும். சில குச்சிகள் ஒன்றின் குறுக்கே ஒன்று சிலுவை போட்டுக் கிடக்கும். கடைசிக் கேட்டு வாட்டி மில்னுடைய பண்ணை. அங்கே சுவரில் நீலப் பட்டைகள் கத்தி அலகு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தன.

கல் ஏன் இப்படி ஒரு வரிசையாக மாறிக்கொண்டு போகிறது என்பதுதான் அவளுக்குப் புரியவில்லை. பாதிரியாரிடம் கேட்டாள். "ஆண்டவரோட அலங்காரம்" என்றார். "அலங்காரத்தைக்கூட வரிசை போட்டுத்தான் செய்வாரா?" என்று திருப்பிக் கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்தபின் அப்படிப் பேசியிருக்க வேண்டாமே என்று வருந்தினாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டாம் வருஷம் கோடையில், இருபதாவது கேட்டுக்குப் பக்கத்துக் காலி வீட்டில் ஹெஸ்டர் பிம் என்ற பெண்மணி வந்து தங்கினார். இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பாறைகளைப் படிக்கிறவர். நெட்டா வயதுதான் இருக்கும். முதுகில் பை, இடுப்பில் சுத்தியல். மூன்றாம் நாள் கடிதத்தை நீட்டியபோது நெட்டா அதைக் கையிலிருந்து விடவில்லை.

"நீங்க கல்லு படிச்சவங்கன்னு சொல்றாங்க. ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கடுதாசியைக் குடுத்துட்டுக் கேளுங்க."

கேட்டாள். கேட்டுக்குக் கேட்டு தான் பார்த்ததை ஒப்பித்தாள். ஹெஸ்டர் கடிதத்தைப் பிரிக்காமலே வாசலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு உள்ளே போய் ஒரு வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தார். பள்ளத்தாக்கின் குறுக்கே வண்ண வண்ணமாகக் கோடுகள்.

"இது எல்லாமே ஒரு காலத்துல கடலடிச் சேறு," என்றார். "நிலமும் நிலமும் மோதினப்போ இந்தச் சேறு பதினைஞ்சு மைல் கீழ அமுங்கிப் போச்சு. கீழ போகப் போகச் சூடு, அழுத்தம். ஒவ்வொரு சூட்டுக்கும் ஒவ்வொரு கனிமம் பொறக்கும். முதல்ல உங்க செவப்புக் கடுகு, அது கார்னெட். அப்புறம் அந்தப் பழுப்புக் குச்சி. நீலம் கடைசியில. அது கயனைட், நல்ல அழுத்தம் இல்லாம பொறக்காது. மேல எவ்வளவு பெரிய மலை இருந்திருந்தா கீழ அவ்வளவு அழுத்தம் இருந்திருக்கும்னு பாருங்க."

"அந்த மலை எங்க?"

"தேஞ்சு போச்சு. கிட்டத்தட்ட அம்பது கோடி வருஷம் ஆச்சுல்ல. இப்ப நாம நிக்கறது அதோட வயித்துல."

நெட்டா ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நான் தினம் மேல ஏறிப் போறேன்னு நினைச்சிட்டிருக்கேன். நிஜத்துல அந்த மலைக்குள்ள கீழ கீழ எறங்கிப் போறேனா?"

"அதேதான்," என்றார் ஹெஸ்டர். இத்தனை சுருக்கமாக இதை எந்த மாணவனும் சொன்னதில்லை என்றும் சொன்னார்.

ஆனால் வரைபடத்தில் ஒன்று நெட்டாவை உறுத்தியது. நீலக்கல் தொடங்கும் கோடு வாட்டி மில்ன் பண்ணையைத் தாண்டி ஒன்றரை மைல் மேலே கிடந்தது.

"இது தப்பு. நீலம் வாட்டி வீட்டுச் சுவத்துலயே இருக்கு."

ஹெஸ்டர் சிரித்தார். "சுவத்துக் கல்லு சாட்சி சொல்ல முடியாதுங்க. மேலேர்ந்து பனியாறு உருட்டிட்டு வந்திருக்கலாம், வண்டி கட்டிக் கொண்டாந்திருக்கலாம். மண்ணோட ஒட்டின பாறை வேணும். இருந்த எடத்துலயே இருக்கற பாறை."

கேலியாகச் சொல்லவில்லைதான். ஆனாலும் நெட்டாவுக்குச் சுருக்கென்றது. மறுநாள் வாட்டி மில்னிடம் போய் நின்றாள். வாட்டிக்கு எழுபத்தெட்டு வயது. ஆட்டை விட்டால் அவருக்குப் பேச்சுத் துணை தபால்காரிதான்.

"ஏ புள்ள, தபாலு இல்லாம வந்து நிக்கற. யாரு செத்தா?"

"ஒருத்தரும் சாகல. இந்தச் சுவத்துக் கல்லெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

"எங்கப்பன் கட்டினது. ஊருல அவனை மாதிரி சோம்பேறி கிடையாது. பத்தடிக்கு மேல கல்லைத் தூக்குறவன் இல்ல அவன்."

"பத்தடியில எங்க?"

"ஓடையிலதான் இருக்கும். போய்த் தேடு. விழுந்து கிடந்தா நாயை அனுப்புறேன்."

சனிக்கிழமை மத்தியானம் டக்கின் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடையில் இறங்கினாள். ஒரு மைல் தூரம் மேலும் கீழும் நடந்தாள். எல்லாம் உருண்டு வந்த கல். ஒன்றாவது மண்ணோடு ஒட்டியதாக இல்லை. இடுப்பளவு தண்ணீரில் ஒருமுறை விழுந்தாள். வாட்டி சொன்னபடி நாய் வந்து கரையில் நின்று பார்த்தது, அவ்வளவுதான். அடுத்த சனிக்கிழமையும் போனாள். அன்றைக்கும் ஒன்றும் இல்லை. நனைந்து நடுங்கிக்கொண்டு வந்தவளுக்கு வாட்டி டீயும் ஓட்ஸ் ரொட்டியும் கொடுத்துவிட்டு, ரொட்டி வெட்டுகிற கத்தியைத் தீட்டக் கொல்லைப்பக்கம் போனார். சர்ர் சர்ர் என்ற சத்தம் வந்தது. நெட்டா டீக் கோப்பையோடு எட்டிப் பார்த்தாள். மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால், பாசியும் சாணமும் மூடிய ஒரு மேடு. அதன் ஓரத்தில் கையகலத்துக்குத் தேய்ந்த இடத்தில் கத்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அது என்ன, தனிக் கல்லா?"

"கல்லா? தொழுவமே இதும்மேலதான் நிக்குது. எங்கப்பன் உடைச்சுப் பாத்தான், கொஞ்சந்தான் வந்துச்சு. மிச்சத்தை விட்டுட்டான். அதான் சொன்னேனே, சோம்பேறின்னு."

நெட்டா கோப்பையைக் கீழே வைத்தாள். மண்வெட்டியை வாங்கிப் பாசியை உரித்தாள். சாணத்தை வழித்தாள். இரண்டு வாளித் தண்ணீரை அடித்து ஊற்றினாள். பாறை முழுக்க நீலம். விரல் நீளப் பட்டைகள், நடுநடுவே பட்டாணி பட்டாணியாகச் சிவப்பு. மண்ணுக்குள் எத்தனை ஆழம் போகிறதென்று தெரியாத பாறை.

"ஏன் வாட்டி இதை முன்னயே சொல்லல?"

"நீ கொல்லையில பாறை இருக்கான்னு கேக்கலியே. எங்கேருந்துன்னுதானே கேட்ட. நான் ஓடையா இருக்கும்னு நெனைச்சேன்."

"அறுபது வருஷமா இதுல கத்தி தீட்டியிருக்கீங்க!"

"நல்லாத் தீட்டுது, அதான்."

திங்கட்கிழமை ஹெஸ்டரைத் தபால் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தாள். அது விதிக்கு விரோதம். பள்ளத்தாக்கில் காட்டிக்கொடுக்க ஒருவரும் இல்லை. ஹெஸ்டர் பாறையைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். மண்டியிட்டு லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"இந்த வீட்டுல நான் மூணு தடவை டீ குடிச்சிருக்கேன்," என்றார் கடைசியில். "கொல்லைப்பக்கம் வரவே இல்ல."

"வந்திருந்தாலும் சாணம்தான் தெரிஞ்சிருக்கும்," என்றாள் நெட்டா, ஆறுதலாக.

வரைபடத்தில் அந்தக் கோடு ஒன்றரை மைல் கீழே இறங்கி, வாட்டியின் தொழுவத்தைச் சுற்றி ஒரு மூக்கு மாதிரி வளைந்தது. சந்தையில் வாட்டி பார்த்தவரிடமெல்லாம் "என் நிலம் உன் நிலத்தைவிட ஆழம்டா" என்று சொல்லித் திரிந்தார். இருந்தாலும், பாறையில் ஒரு துண்டை உடைத்துக்கொண்டு போனதற்காக ஹெஸ்டரோடு ஒரு வாரம் பேசவில்லை. கத்தி தீட்டுகிற பக்கம் அது.

அந்தக் குளிர்காலத்தில் தபால் நிலையத்தில் நெட்டா பேருக்கே ஒரு உறை வந்திருந்தது. உள்ளே ஒரு புகைப்படம். வாட்டி வீட்டுக் கார்னெட் ஒன்றைக் காகிதத்தைவிட மெல்லிசாகச் சீவி, பெரிதாக்கி எடுத்தது. கார்னெட்டுக்குள் பொடிப்பொடியான மணிகள் ஒரே வரிசையாக, ஆனால் சுழித்து வளைந்து கிடந்தன. ஹெஸ்டர் எழுதியிருந்தார்: வளரும்போதே இந்தக் கார்னெட் உருண்டிருக்கிறது, சுற்றியிருந்த பாறையை மலை இழுத்துத் தேய்த்ததில் உருண்டது. நடுவில் கலந்திருக்கிற உலோகங்களின் அளவு வேறு, ஓரத்தில் வேறு. நடு, சூடு குறைவாக இருந்தபோது பிறந்தது. ஓரம், ஆழத்துக்குப் போன பிறகு.

நெட்டா அந்தப் படத்தை வண்டியின் முன்கண்ணாடி ஓரத்தில் செருகிவைத்து, கேட்டுக்குக் கேட்டு பார்த்தாள். ஒரு மாதம் கழித்துப் பதில் எழுதினாள். அவள் எழுதிய கடிதங்களிலேயே அதுதான் நீளம் குறைந்தது. "கீழே போன கதை இருக்கிறது. திரும்ப மேலே வந்த கதை எங்கே எழுதியிருக்கிறது?"

ஹெஸ்டரின் பதில் வருவதற்குள் அவளே தேட ஆரம்பித்திருந்தாள். பதினொன்றாவது கேட்டுச் சுவரில், உடைந்து விழுந்த ஒரு கல்லில், சிவப்பு மணிகளைச் சுற்றிப் பச்சை விளிம்பு இருந்தது, களிம்பு ஏறின செப்புக்காசு மாதிரி. வேறெந்தச் சுவரிலும் அவள் அதைப் பார்த்ததில்லை. சுவரில் கிடந்த கல் சாட்சி ஆகாது என்பது தெரியும். ஆகவே பக்கத்து மேட்டில் இரண்டு நாள் அலைந்து, ஒட்டிய பாறையில் அதே பச்சையைக் கண்டுபிடித்து, ஒரு துண்டைப் பொட்டலம் கட்டித் தன் கையாலேயே முத்திரை குத்தி அனுப்பினாள். அந்த இரண்டு நாளும் அதற்கு மேலே எல்லோருக்கும் தபால் தாமதம். பன்னிரண்டாவது கேட்டுப் பண்ணைக்காரி "கல்லு பொறுக்கவா அரசாங்கம் வண்டி குடுத்திருக்கு?" என்று கத்தினாள். "ஆமா, உங்க வீட்டுக்கு பில்லு கொண்டாரதைவிட அது மேல்" என்றாள் நெட்டா.

ஹெஸ்டரின் பதில் வந்தது: மேலே ஏறும்போது பாறை ஆறும். தண்ணீர் கொஞ்சம் புகுந்த இடத்தில் மட்டும் கார்னெட்டின் ஓரம் அழிந்து குளோரைட் என்ற பச்சைக் கனிமமாக மாறும். தண்ணீர் வராத இடத்தில் ஏறிய கதை எழுதப்படாமலே போய்விடும். உங்கள் பதினொன்றாவது கேட்டில் ஏன் தண்ணீர் புகுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. இங்கே வந்து நீங்களே நுண்ணோக்கியில் பாருங்கள்.

எழுபத்து நாலு ஏப்ரலில் நெட்டா முதல்முறையாக எல்லை தாண்டித் தெற்கே இங்கிலாந்துக்கு ரயிலில் போனாள். டக் ஸ்டேஷன் வரை வந்து, "கல்லு பாக்கவா இவ்வளவு தூரம்?" என்று கேட்டுவிட்டு சாண்ட்விச் பொட்டலத்தைக் கையில் திணித்தான். பல்கலைக்கழகத்தில் ஹெஸ்டர் அவளை ஒரு நுண்ணோக்கியின் முன் உட்காரவைத்தார். அவள் அனுப்பிய கல்தான், சீவிக் கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஹெஸ்டர் ஏதோ ஒரு சக்கரத்தைத் திருப்பினார். காக்காப்பொன் தகடுகள் இளஞ்சிவப்பும் பச்சையுமாக எரிந்தன. நடுவில் கார்னெட் மட்டும் மையிருட்டாக நின்றது. நெட்டா கண்ணாடியைத் தாங்கிய வட்டத் தட்டைத் திருப்பினாள். மற்றதெல்லாம் மின்னி மின்னி மாறியது. அது மாறவில்லை.

"இது மட்டும் ஏங்க கறுப்பாவே நிக்குது? வெளிச்சம் உள்ள போகலியா, போயி வெளிய வரலியா?"

"இதுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும்," என்று ஹெஸ்டர் பக்கத்து மேசையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.