தொழில்: வேஷம்

நைனாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, சமையலறைத் தொட்டியின் அடைப்பு எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை. நான் குழாயின் அடிமூடியைக் கழற்றினேன். அவர் செல்போன் வெளிச்சத்தைப் பிடித்தபடி குந்தியிருந்தார். சோறும் கறிவேப்பிலையும் கலந்த கறுப்புச் சேறு வாளியில் விழுந்தது.

"இன்னா நைனா, லைட்டு ஆடுது."

"நீ இஞ்சினீரு, ரூபா. நான் வெறும் கம்பம். காத்தடிச்சா ஆடத்தான் செய்யும்."

"பைப்புக்கு வாட்டமே இல்ல. மறுபடி அடைக்கும்."

"படம் போட்டவங்கள புடிச்சி ஒதைக்கணும்."

படம் போட்டவள் நான்தான். தெரிந்துதான் சொன்னார். நான் கொடுத்த சரிவை, கீழே இருக்கும் ஓவியக் கூடத்தின் கூரை தாழ்ந்து தெரியக் கூடாது என்று கட்டும்போது குறைத்துவிட்டார்கள்.

வியாழக்கிழமை மார்க்கெட்டில், வெங்காய லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கக் குனிந்தவர் எழவில்லை. மாரடைப்பு. வயது ஐம்பத்தெட்டு.

நைனாவின் பெயர் வேதாச்சலம். நகரி பக்கத்துக் கூலிக் குடும்பம். கல்யாணமானதும் திருப்பதிக்கு வந்து காய்கறி மார்க்கெட்டில் ஹமாலி ஆனார். மூட்டை தூக்குகிற வேலை. அம்மா தேவயானி திருச்சானூரில் ஒரு பூக்கடையில் மாலை கட்டுகிறாள். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் ஒற்றை அறை. நான் பிறந்தது அங்கேதான்.

எனக்கு மூன்று வயதில் ஜுரம் ஏறி வலிப்பு கண்டது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று நைனா ஊர் அம்மன் கங்கம்மாவை வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தால், உயிர் உள்ளவரை அம்மன் திருவிழாவான ஜாத்திரையில் பைராகிச் சாமியார் வேஷம். இப்படிப்பட்ட நேர்த்திக்கடனை இங்கே மொக்கு என்போம். ஒவ்வொரு மே மாதமும் நாமக்கட்டியைக் குழைத்து உடம்பெல்லாம் பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடப்பார். திரும்பி வந்து குளிப்பார். மறுநாள் மூட்டை. யாரும் அவரைப் பாராட்டியதில்லை. அன்றைக்குத் தெருவில் பாதிப் பேர் அதே வேஷத்தில் இருப்பார்கள்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் பேட்டையைத் திருத்தப்போவதாகச் சொன்னார்கள். சுவரெல்லாம் ஓவியம், விளக்கு, காபிக்கடை, கலைஞர்களுக்குக் குறைந்த வாடகையில் இருபத்து நான்கு வீடுகள். பெயர் கலா வீதி. செத்துக்கிடக்கும் பேட்டைக்கு உயிர் வரும் என்று மேடையில் பேசினார்கள். அப்போது அங்கே எண்பது குடும்பங்கள் இருந்தன. சுவரில் மயில் வந்ததும் வாடகை ஏறியது. ஒவ்வொரு குடும்பமாக ரேணிகுண்டா பக்கம் போனது. எங்களையும் காலி செய்யச் சொன்னார்கள். நைனாவின் வேலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் தொடங்கும். நடக்கிற தூரத்தில் வீடு இல்லையென்றால் வேலை இல்லை.

நான் டிப்ளமோ சிவில். அந்தப் புது வீடுகளுக்குக் குழாய் வரைபடம் போட்ட கம்பெனியில் இருந்தேன். கலைஞர் வீட்டுக்கான ஆன்லைன் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். தொழில் என்ற கட்டத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விழும். ஓவியர், சிற்பி, நாதஸ்வரம், வேஷம். ஹமாலி இல்லை. வேஷத்தைத் தொட்டேன். ஜாத்திரையில் எடுத்த படம் ஒன்றை ஏற்றினேன். அவரைக் கேட்கவில்லை.

சரிபார்க்க, திட்ட அலுவலகத்திலிருந்து பிரவீன் என்பவர் டேப்லெட்டோடு வந்தார்.

"வேதாச்சலம்காரு, வேஷம் யாருகிட்ட கத்துக்கினீங்க?"

"கத்துக்கிறதுக்கு இன்னா சார் இருக்குது? மொக்கு. பொண்ணுக்கு ஜுரம் வந்து..."

"மொக்குன்னு அடிச்சா இது ஏத்துக்காது. பரம்பரைக் கலைன்னு போட்டுக்கவா?"

"எங்கப்பன் மாடு மேய்ச்சிக்கினு இருந்தாரு சார்."

"மாடு மேய்ச்ச நேரம் போக வேஷம் கட்டினாருன்னு போட்டுடறேன். விடுங்க."

அம்மா சிரித்துவிட்டாள். நைனா என்னைப் பார்த்தார். நான் டேப்லெட்டைப் பார்த்தேன்.

வீடு கிடைத்தது. ஒரு நிபந்தனை. சனிக்கிழமைதோறும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரை, குடியிருப்பவர்கள் தங்கள் கலையைக் காட்ட வேண்டும். நைனா நாமக்கட்டியைப் பூசிக்கொண்டு மயிலுக்கு முன்னால் நின்றார். மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் தோளில் கை போட்டுப் படம் எடுத்தார்கள். மொட்டையடித்த ஒருவர், "கொஞ்சம் சிரிங்க சாமி" என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று நைனாவுக்குத் தெரியவில்லை. ஜாத்திரையில் யாரும் அப்படிக் கேட்டதில்லை.

அப்படி முப்பத்தொரு சனிக்கிழமைகள். பிறகு மே மாதம் வந்தது. எனக்குச் சித்தூரில் வேலை மாறியிருந்தது. லீவு போட்டு வந்தேன். பைராகி நாள் காலையில் நாமக்கட்டியை ஊறவைத்து எடுத்துப்போனேன். அவர் லுங்கியோடு உட்கார்ந்திருந்தார்.

"நேரமாவுது நைனா."

"நான் போவல."

"ஒடம்பு சரியில்லயா?"

"வாராவாரம் போட்டு ஊட்டுக்கு வாடகையா குடுத்துட்டேன். கங்கம்மாவுக்கு எத்த போடுறது? அது வெறும் வேஷம் ஆயிப்பூடுச்சி, ரூபா. மொக்கு இல்ல."

"வாயக் கழுவுய்யா," என்று அம்மா கத்தினாள். "பொண்ணு உசுருக்கு வேண்டிக்கினது."

"அதத்தான் சொல்லிக்கினு இருக்கேன்."

அதற்குப் பின் சனிக்கிழமைகளிலும் அவர் நிற்கவில்லை. இரண்டு நோட்டீஸ் வந்தன. நான் ஊருக்கு வரும்போதெல்லாம் என் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். தும்மினால் மாத்திரை வாங்கி வருவார். எனக்கு வயது இருபத்தேழு. ஒன்றும் வரவில்லை.

ஜூலையில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. அதில் அம்மாவின் பெயரையும் சேர்க்கலாம். சேர்த்தால், ஒருவர் போனாலும் மற்றவர் வீட்டில் இருக்கலாம். படிவம் வந்துவிட்டால் பழைய நோட்டீஸ்களை மூடிவிடுவதாகப் பிரவீன் சொல்லியிருந்தார். அடைப்பு எடுத்த ஞாயிறு, சித்தூருக்குக் கிளம்பும்போது படிவத்தை நைனா கையில் கொடுத்தேன்.

"அம்மா பேர எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழ கவுண்டர்ல குடுத்துடு."

"குடுக்கிறேன்."

"எப்போ?"

"நாளிக்கி."

திங்கள் அன்று போனில் கேட்டேன். நாளிக்கி. செவ்வாயும் கேட்டேன். புதன்கிழமை வேலை அதிகம். கேட்கவில்லை.

காரியம் முடிந்த மறுநாள் கடிதம் வந்தது. குடியிருந்த கலைஞர் காலமானதால் முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யவேண்டும். பிரவீனை அழைத்தேன். "அந்த ஒரு பேப்பர் மட்டும் வந்திருந்தா போதும்மா. உங்கம்மா பேர் எங்கயுமே இல்லியே" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. எங்கே போவது என்று அம்மா கேட்கவில்லை. பாத்திரங்களை மூட்டை கட்ட ஆரம்பித்திருக்கிறாள்.

படிவம் பிரிட்ஜ் மேல் இருந்தது. அம்மாவின் பெயரைக் கோணல் தெலுங்கில் தப்பில்லாமல் எழுதியிருந்தார். கீழே கையெழுத்தும் இருந்தது. தொழில் என்ற இடத்தில் அச்சாகியிருந்த வேஷத்தை அடித்து, மேலே ஹமாலி என்று எழுதியிருந்தார். அப்படி எழுதினால் வாங்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். வேறு படிவம் கேட்டு வாங்கவும் இல்லை.

கவுண்டர் பத்து மணிக்குத் திறக்கும். ஐந்து மணிக்கு மூடும். வீட்டிலிருந்து முப்பத்தெட்டுப் படி. திங்கள், செவ்வாய், புதன், மூன்று நாளும் மதியம் மார்க்கெட்டிலிருந்து அதன் வழியாகத்தான் திரும்பி வந்தார். கொடுக்கவில்லை.