அக்காவின் இரண்டு பலகைகள் யாரிடம் இருக்கின்றன?

எங்கள் அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுது என்று அண்ணன் சொன்னார். அக்காவைப் பற்றி எழுத நல்லது நிறைய இருக்கிறது. நம்மைப் பற்றித்தான் இல்லை.

அக்கா கெர்லிங் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்து வரிசைவீட்டில் பிறந்தார். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் பள்ளியை விட்டுவிட்டு, தம்பிகளான அண்ணனையும் என்னையும் வளர்த்தார். பிறகு கோலசிலாங்கூரில் கையுறைத் தொழிற்சாலை வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

நாற்பது வயதுக்கு மேல்தான் வரையத் தொடங்கினார். கட்டட வேலையில் மிஞ்சிய பலகையில், கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதும் கலும்பாங் ஊர் லிம் அங்கிள் கொடுத்த மிச்சச் சாயத்தில் வரைந்தார். செம்பனை மரத்தில் ஒட்டி முளைக்கும் செடி, தஞ்சோங் காராங் வாய்க்காலில் நிற்கும் கொக்கு, இப்படித்தான் வரைவார்.

"களையப் போயி வரையிறியே, ஒரு முருகன் படம் வரையக் கூடாதா?" என்று அத்தை கேட்பார்.

"முருகன எல்லாரும் வரைஞ்சிட்டாங்க அத்த. இத யாரு வரையிறா?"

ஞாயிறு காலையில் ஆற்றங்கரைக் காப்பிக்கடையில் லிம் அங்கிள், ரோஸ்னா டீச்சர், இன்னும் நாலைந்து ஓவியர்களோடு உட்கார்ந்து வரைவார். அவர்கள் ஒரு மண்டபத்தில் கண்காட்சி வைத்தார்கள். நம் வீட்டிலிருந்து ஒருவரும் போகவில்லை. அன்று ஒரு காதுகுத்து இருந்தது. நானும் அங்கேதான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அக்கா இறந்த அன்று நல்ல மழை. பந்தலுக்கடியில் கணுக்கால் சேறு.

"ஆளுங்க வழுக்கி விழப் போறாங்க. பின்னாடி பலகை கெடக்குல்ல, எடுத்துப் போடு லா," என்றார் அண்ணன்.

பதினோரு பலகைகள். முதல் பலகையை நான் தூக்கி வந்ததும் அத்தை அதட்டினார். "படத்த மிதிக்கக் கூடாதுடா, பாவம். கவுத்துப் போடு."

கவிழ்த்துப் போட்டேன். படத்தில் கால் படக் கூடாது, சேறு படலாம். அவ்வளவுதான் நம் மரியாதை. அதன் மேல் நின்றுகொண்டுதான் அக்கா எவ்வளவு நல்லவர் என்று எல்லாரும் பேசினோம்.

லிம் அங்கிள் வந்தார். பலகை ஓரத்தில் வழிந்திருந்த பச்சையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"தம்பி, இது அக்கா படம் லா. ஏன் கீழ போட்டே?"

"சேறு, அங்கிள்."

அவர் நின்றவர்களை நகரச் சொல்லி ஒவ்வொன்றாகப் பெயர்த்தார். கூட வந்த ரோஸ்னா டீச்சர் குழாயடியில் உட்கார்ந்து கழுவினார். அக்கா இன்னும் வீட்டுக்குள்தான் கிடத்தப்பட்டிருந்தார். சொந்தக்காரர்கள் நாம் வேடிக்கை பார்த்தோம்.

ஒன்பது பலகைகளை எடுத்துவிட்டார்கள். கல் கீறியிருந்தாலும் படம் தெரிகிறது. மற்ற இரண்டின் மேல் பாடை கட்டிக்கொண்டிருந்தார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்தபோது அவற்றைக் காணோம். நல்ல பலகை என்று உங்களில் யாரோ கொண்டுபோயிருக்கிறீர்கள்.

லிம் அங்கிளுக்கும் ரோஸ்னா டீச்சருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மழையில் வந்து நின்ற உறவினர்களுக்கும் நன்றி. வீட்டுக்குப் போய், கோழிக்கூண்டின் மேலும் சாக்கடையின் மேலும் கிடக்கும் பலகைகளைத் திருப்பிப் பாருங்கள். கொக்கு இருந்தால் அக்காவுடையது. கழுவ வேண்டாம். சொல்லி அனுப்புங்கள், நான் வந்து கழுவிக்கொள்கிறேன். போட்டவன் நான்தான்.

தம்பி